காற்றுக்குக் கூலி இல்லை

சரித்திரக் கதை எழுதுகிறவர்களுக்குப் பாய்மரக் கப்பலைப் போல ஒத்தாசை செய்கிற பொருள் வேறு கிடையாது. கதாநாயகனை ஊரைவிட்டுக் கிளப்ப வேண்டுமா? கப்பலில் ஏற்றிவிடலாம். நாலு அத்தியாயத்துக்கு அவனைக் காணாமற் போகச் செய்ய வேண்டுமா? ஒரு புயலை வரவழைக்கலாம். கதாநாயகி கரையில் நின்று பெருமூச்சு விட வேண்டுமா? பாயின் கடைசி முனை தொடுவானத்தில் மறைகிற மாதிரி ஒரு வாக்கியம் போட்டால் தீர்ந்தது. ஆனால் அந்தக் கப்பலின் அடித்தட்டில் என்ன சரக்கு கிடந்தது, எந்தத் தீவில் யார் அதற்காகக் காத்திருந்தார்கள் என்று ஆசிரியர் சொல்வதுமில்லை, வாசகர் கேட்பதுமில்லை. இந்தக் கட்டுரையில் அந்தச் சரக்கைப் பற்றித்தான் பேசப் போகிறேன். காதலர்கள் இல்லாத கப்பல் கதை இது. பிடிக்காதவர்கள் இப்போதே கரை இறங்கிக் கொள்ளலாம்.

பிஜி என்றால் நமக்குக் கரும்புத் தோட்டந்தான் ஞாபகம் வரும். பாரதியார் பாடி வைத்துவிட்டுப் போனதன் பலன் அது. ஆனால் கரும்பு விளைவது வீதி லெவு, வனுவா லெவு என்ற இரண்டு பெரிய தீவுகளில். பிஜி தேசத்தில் தீவுகளின் எண்ணிக்கை 300-க்கு மேல். அவற்றில் ஏறக்குறைய நூறு தீவுகளில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். கிழக்கே, தலைநகரான சுவாவிலிருந்து சுமார் 180 மைல் தள்ளி லகெம்பா என்று ஒரு தீவு. அதற்குத் தெற்கே கம்பரா, புலாங்கா, ஒங்கேயா என்று கடலில் சிதறிய சோழிகளைப் போல இன்னும் பல. இந்தக் கூட்டத்துக்கு லாவ் தீவுகள் என்று பெயர்.

இங்கே மண்ணெண்ணெய், அரிசி, மாவு, சர்க்கரை, டப்பாவில் அடைத்த மீன், கூரைக்குத் தகரம், பள்ளிக்கூடத்துக்குப் புத்தகம் எல்லாம் கப்பலில்தான் வந்தாக வேண்டும். தீவிலிருந்து போகிற சரக்கு பெரும்பாலும் கொப்பரை. கப்பல் மாதத்துக்கு ஒரு தடவை என்பது கணக்கு. கணக்குப்படி வருவது வேறு விஷயம். இயந்திரம் பழுதானாலும் எண்ணெய் விலை ஏறினாலும் முதலில் நிற்பது இந்தக் கடைசித் தீவுகளுக்குப் போகிற கப்பல்தான். நம் ஊரில் கடைசி பஸ்ஸை ரத்துச் செய்கிற மாதிரி. பஸ் இல்லாவிட்டால் நடந்து போகலாம். நடுக்கடலில் என்ன செய்வது? கொப்பரை மூட்டை கட்டிக் கரையிலே கிடக்கும். பிள்ளைகளின் பள்ளிச் செலவும் அந்த மூட்டைக்குள்ளேயே கிடக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், 200 வருஷங்களுக்கு முன் இதே லாவ் தீவுகள்தான் தென்கடலின் கப்பல் கட்டும் துறையாக இருந்தன. அந்தக் கப்பலுக்கு த்ருவா என்று பெயர். இரண்டு உடல் கொண்ட மரக்கலம் அது. இந்த மாதிரி இரட்டைக் கலத்தை உலகமெல்லாம் இப்போது ‘கட்டமரான்’ என்று சொல்கிறது. அந்தச் சொல் நம்முடைய கட்டுமரந்தான் என்பது வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். சோழமண்டலக் கரைக்கு வந்த டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி 1697-ல் வெளியான தம் புத்தகத்தில் அதை எழுதி வைத்தார். அதிலிருந்து பிடித்துக்கொண்டது. உண்மையில் நம் கட்டுமரத்துக்கும் த்ருவாவுக்கும் உருவத்தில் ஒற்றுமை சொற்பம். பெயரைக் கொடுத்த பெருமையோடு நாம் நிறுத்திக்கொள்வது நல்லது.

த்ருவாவின் இரண்டு உடல்களும் சமமானவை அல்ல. ஒன்று பெரியது, மற்றொன்று சிறியது. சிறியதற்குத் தமா என்று பெயர். இரண்டையும் இணைத்து மேலே ஒரு மேடை, மேடைமீது பாய்மரம், தாழை ஓலைப் பாயில் முக்கோணமான பெரிய பாய். சிறிய உடல் எப்போதும் காற்று வருகிற பக்கமாகவே இருக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கலத்தின் சட்டம். அப்படியானால் திசை திரும்ப வேண்டியபோது என்ன செய்வது? மற்றக் கப்பல்கள் மூக்கைத் திருப்பும். த்ருவா திரும்புவதே இல்லை. மாலுமிகள் பாயின் அடிமுனையைத் தூக்கிக்கொண்டு மேடையின் ஓரமாக ஓடி, முன்னால் இருந்ததைப் பின்னால் கொண்டுபோய்க் கட்டுவார்கள். அந்தக் கணத்திலிருந்து முகப்பு பின்புறமாகிவிடும், பின்புறம் முகப்பாகிவிடும். சுக்கான் துடுப்பையும் எடுத்துக்கொண்டு மறுகோடிக்கு ஓட வேண்டும். அந்தத் துடுப்பு ஒரு ஆள் பிடித்து நிற்கிற பொருளல்ல. பெருங்காற்றில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து மல்லுக்கட்ட வேண்டும். இவ்வளவும் அலையில் ஆடுகிற மேடைமேல், நிமிஷ நேரத்தில் நடந்தாக வேண்டும்.

பெரிய த்ருவாக்கள் 100 அடிக்கு மேல் நீளம் இருந்தன என்று பாதிரிமார்கள் அளந்து எழுதியிருக்கிறார்கள். ஒரு ஆணி கிடையாது. பலகைகளைத் தேங்காய் நாரால் திரித்த கயிறு கொண்டு தைப்பார்கள். சென்னைக் கடற்கரையில் துறைமுகம் கட்டுவதற்கு முன்னால் அலை தாண்டி ஆட்களையும் சரக்கையும் ஏற்றி இறக்கிய மசூலாப் படகும் கயிற்றால் தைத்த படகுதான். அலை மோதினால் ஆணி அடித்த பலகை பிளந்துவிடும், தைத்த பலகை விட்டுக்கொடுக்கும். இந்த உண்மையை இரண்டு கரைக்காரர்களும் தனித்தனியே கண்டுபிடித்தார்களா, யாராவது யாருக்காவது சொல்லிக் கொடுத்தார்களா என்று யோசித்த ஒருவர் நம் ஊரில் உத்தியோகம் பார்த்தவர். ஜேம்ஸ் ஹார்னெல் என்று பெயர். சென்னை மாகாண மீன் இலாகாவின் டைரக்டராக இருந்தார். முத்துக் குளிப்பைப் பற்றியும் சங்கு குளிப்பைப் பற்றியும் எழுதிய அதே கையால் நம் கரையோரப் படகுகளைப் பற்றி 1920-ல் ஒரு பெரிய ஆராய்ச்சி வெளியிட்டார். வேலையிலிருந்து விலகியதும் பசிபிக் சமுத்திரத்துக்கே போய்ப் பார்த்தார். பாலினேஷியா, பிஜி, மைக்ரோனேஷியா ஓடங்களைப் பற்றி அவர் எழுதிய தடித்த புத்தகம் 1936-ல் ஹானலூலூவில் அச்சாயிற்று. தென்னிந்தியக் கரைக்கும் பசிபிக் தீவுகளுக்கும் பழைய உறவு உண்டு என்பது அவர் கட்சி. அந்தக் கட்சியைப் பல பண்டிதர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. போகட்டும். கயிறு எந்தத் துளையில் நுழைந்து எந்தத் துளையில் வெளிவருகிறது என்று படம் போட்டு வைத்தாரே, அந்தக் காரியம் நிலைத்தது.

கம்பரா தீவில் வெஸி என்று ஒரு மரம் உண்டு. நம் தேக்கையும் வேங்கையையும் போல வைரம் பாய்ந்த ஜாதி. தொங்கா தீவு மன்னர்களிடம் ஆள்பலம் இருந்தது, இந்த மரம் இல்லை. ஆகையால் அவர்கள் கப்பல் வேண்டுமானால் லாவ் தீவுகளுக்கு வந்து, வருஷக்கணக்கில் தங்கி, கட்டி முடித்துக்கொண்டு போனார்கள். சமோவாவிலிருந்து வந்து இங்கேயே குடியேறிய தச்சர் பரம்பரை ஒன்றும் உண்டு. பிஜி பாஷையில் தச்சர் குலத்துக்கு மதாய்சாவ் என்று பெயர். இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வேறு வேஷத்தில் வரும்.

பழைய காலம் பொற்காலம் என்று எழுத எனக்கு உத்தேசமில்லை. பெரிய தலைவனின் த்ருவாவைக் கடலில் இறக்கும்போது மனிதர்களைப் பலி கொடுத்ததைப் பாதிரிமார்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வெள்ளைக்காரரின் பாய்மரக் கப்பலும் அதற்குச் சளைத்ததல்ல. 1879-ம் வருஷம் மே மாதம் லெவுக்கா துறைக்கு வந்த ‘லியோனிடாஸ்’ பாய்க் கப்பல்தான். கல்கத்தாவிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றி வந்தது அது. 1884-ல் ‘சிரியா’ என்ற கப்பல் நசிலாய் பவளப்பாறையில் மோதி உடைந்தது. 59 பேர் மாண்டார்கள். சென்னையிலிருந்து நம்மவர்கள் போகத் தொடங்கியது 1903-ல். அதற்குள் நீராவிக் கப்பல் வந்துவிட்டது. பிரயாண நாட்கள் பாதிக்கு மேல் குறைந்தன. அந்த ஜனங்களிடம் போய்ப் பாய்மரத்தின் அழகைப் பற்றிப் பேசியிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும்?

த்ருவா ஒரே நாளில் மறையவில்லை. முதலில் சந்தன மர வியாபாரிகள் வந்தார்கள். பிறகு கடலட்டை வியாபாரிகள். நம் இராமநாதபுரக் கரைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த அதே கடலட்டை, அதே சீன வியாபாரந்தான். தலைவர்கள் அட்டையையும் தேங்காய் எண்ணெயையும் கொடுத்து ஸ்கூனர் என்ற ஐரோப்பியப் பாய்க் கப்பல்களை வாங்கினார்கள். பத்துப் பேர் ஓட்டுகிற ஸ்கூனர் இருக்கும்போது, ஐம்பது நூறு பேர் ஓட்டுகிற த்ருவாவை யார் கட்டுவார்கள்? 1874-ல் பிஜி பிரிட்டிஷ் ராஜ்யத்தில் சேர்ந்தது. போர் நின்றது, போர்க் கப்பலுக்கும் வேலை போயிற்று. ‘ராத்து ஃபினாவ்’ என்று 1913-ல் கட்டிய ஒரு சிறிய த்ருவா சுவா நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைக் கட்டினவர்களுக்கு அது ஏறக்குறையக் கடைசி என்று தெரிந்திருக்காது.

ஸ்கூனர்களுக்கும் அதே கதி வந்தது. யுத்தத்துக்குப் பிறகு எண்ணெய் மலிவு, இயந்திரம் மலிவு. நம் தூத்துக்குடித் தோணிகளாவது தண்டல்களின் பிடிவாதத்தால் போன நூற்றாண்டின் பிற்பகுதி வரை பாய் விரித்துக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய் வந்தன. பிஜியில் அதற்கு முன்பே பாய் சுருட்டியாகிவிட்டது.

இனி வருகிற பகுதிதான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

1973-ல் எண்ணெய் விலை ஏறியது. 1979-ல் மறுபடியும் ஏறியது. பெரிய தேசங்கள் முணுமுணுத்தன. சின்னத் தீவுகள் தவித்தன. அப்போது பிஜி அரசாங்கம் ஆசிய வளர்ச்சி வங்கியின் உதவியோடு ஒரு பரீட்சை செய்தது. வெளித்தீவுகளுக்குப் போகிற தன் சரக்குக் கப்பல்கள் இரண்டில் பாய்மரம் நட்டது. புதுக் கப்பல் கட்டவில்லை. இருக்கிற இரும்புக் கப்பலில், இருக்கிற இயந்திரத்தோடு, கூடுதலாகப் பாய். ஒரு கப்பலின் பெயர் ‘தாங்கிதோனு’. மற்றொன்றின் பெயர் ‘நா மதாய்சாவ்’. ஆமாம், தச்சர்கள் என்றுதான் பொருள்.

பரீட்சை 1984-ம் வருஷத்தை ஒட்டி நடந்தது. ஆசாமிகள் ஒன்றும் கனவு காண்கிறவர்களல்ல, கணக்குப் போடுகிறவர்கள். லாவ் தீவுகளின் கடலில் வருஷத்தின் பெரும்பகுதி தென்கிழக்குக் காற்று வீசுகிறது. சுவாவிலிருந்து சாமான் ஏற்றிக் கிழக்கே போகும்போது காற்று முகத்தில் அடிக்கும். அப்போது இயந்திரம் ஓடட்டும். கொப்பரை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். அப்போது பாய் விரியட்டும். இவ்வளவுதான் திட்டம். எண்ணெய்ச் செலவில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மிச்சமாயிற்று. போட்ட முதல் சில வருஷங்களில் திரும்பி வந்துவிடும் என்று கணக்குச் சொன்னது. கணக்கில் எதிர்பாராத லாபங்களும் வந்தன. பாய் பிடித்து நிறுத்துவதால் கப்பல் அவ்வளவாக உருளவில்லை, பிரயாணிகளுக்கு வாந்தி குறைந்தது. இயந்திரத் தேய்மானம் குறைந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, நடுக்கடலில் இயந்திரம் நின்றுபோனாலும் கப்பல் அநாதையாக மிதக்க வேண்டியதில்லை, பாய் விரித்து வீடு வந்து சேரலாம்.

இத்தனை நல்ல பெயர் வாங்கிய பையனைப் பள்ளிக்கூடத்தை விட்டு ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்கிறீர்களா? ‘நா மதாய்சாவ்’ 1985-ம் வருஷப் புயலில் நாசமாயிற்று. அடுத்த வருஷம் உலகச் சந்தையில் எண்ணெய் விலை பாதிக்குக் கீழே சரிந்தது. புயல் ஒரு கப்பலைத்தான் கெடுத்தது, விலைச் சரிவு யோசனையையே கெடுத்துவிட்டது. அறிக்கைகள் பீரோவுக்குள் போயின. பாய் விரிக்கப் பழகிய மாலுமிகள் வேறு வேலைக்குப் போனார்கள். எண்ணெய் மலிந்தால் காற்று இலவசம் என்பதே மறந்துபோகிறது. பிறகு வந்த வருஷங்களில் எண்ணெய் விலை மறுபடி ஏறியபோது எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து யோசிக்க வேண்டியிருந்தது.

அந்த இடைக்காலத்தில் தீவு ஜனங்கள் எதில் பிரயாணம் செய்தார்கள்? பெரும்பாலும் பணக்கார தேசங்கள் கழித்துக் கட்டிய பழைய கப்பல்களில். பக்கத்துத் தொங்கா ராஜ்யத்தில் ‘பிரின்ஸஸ் அஷிகா’ என்ற கப்பல் 2009 ஆகஸ்டில் நள்ளிரவு நேரத்தில் மூழ்கியது. 74 பேர் மாண்டார்கள், பெண்களும் குழந்தைகளும் மிகுதி. அது 1972-ல் ஜப்பானில் கட்டியது. பிஜியில் ஓடித் தேய்ந்த பிறகு தொங்காவுக்கு விற்றது. 2018 ஜனவரியில் கிரிபாத்தி தேசத்தின் ‘புத்திராவோய்’ இரண்டாகப் பிளந்து முழுகியது. சுமார் நூறு பேரில் ஏழு பேர் பிழைத்தார்கள். பாய்மரம் இருந்திருந்தால் இந்தக் கப்பல்கள் பிழைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. துருப்பிடித்த தகட்டுக்குப் பாய் மருந்தல்ல. ஆனால் இவ்வளவு எண்ணெய்ச் செலவை வைத்துக்கொண்டு இவ்வளவு சொற்பச் சரக்குக்காக யாரும் புதுக் கப்பல் வாங்கமாட்டார்கள். அதனால்தான் பழைய தகடு வந்து சேர்கிறது.

இப்போது உலகம் புகையைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்திருக்கிறது. பூமியைச் சூடாக்குகிற புகையில் சுமார் நூற்றுக்கு மூன்று பங்கு கப்பல்களால் வருகிறது என்கிறார்கள். ஐரோப்பாவில் ‘த்ரெஸ் ஹோம்ப்ரெஸ்’ என்று ஒரு கப்பல், பழைய யுத்தக் கப்பலின் உடலில் பாய்மரம் நட்டு, இயந்திரமே இல்லாமல் அட்லாண்டிக்கைத் தாண்டி ரம்மும் கோக்கோவும் கொண்டுவருகிறது. 35 டன் சரக்கு கொள்ளும். நல்ல காரியந்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அது காற்றில் வந்த சாக்லேட் என்று இரண்டு பங்கு விலை கொடுக்கக்கூடியவர்களின் கப்பல். கம்பரா தீவுக்காரன் காற்றில் வந்த மண்ணெண்ணெய் என்று ஒரு காசு அதிகம் கொடுக்க முடியாது. அவனுக்கு இது கொள்கையல்ல, கூலிக் கணக்கு. பிஜியில் வுனிதோங்கொலோவா என்ற கிராமம் கடல் ஏறி வந்ததால் 2014-ல் மேட்டுக்கு இடம் பெயர்ந்தது. அந்த ஊரார் விட்ட புகையாலா கடல் ஏறியது?

2019-ல் பிஜியும் மார்ஷல் தீவுகளும் சேர்ந்து ஒரு திட்டம் அறிவித்தன. தங்கள் கடலில் ஓடும் கப்பல்களின் புகையை 2030-க்குள் நூற்றுக்கு 40 பங்கு குறைப்பது, 2050-க்குள் அறவே ஒழிப்பது. மார்ஷல் தீவுகள் பவளத் தீவுக் கூட்டம். 29 பவள வளையங்கள், பெரிய ஆறு கிடையாது, மலை கிடையாது, ஓடம் ஒன்றுதான் உண்டு. அங்கே 19-ம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மானியர் ஆட்சி வந்தது. தீவு விட்டுத் தீவு ஓடத்தில் போவதை அவர்கள் கட்டுப்படுத்தினார்கள். போகிறவர்கள் போன இடத்தில் சரியாக வரி கட்டுவார்களா, கொப்பரை வெட்டுவார்களா? ஓடம் கட்டுகிற வித்தையும், அலையின் வளைவைக் குச்சிகளைக் கட்டிப் படமாக்கிப் படித்த வித்தையும் அதிலிருந்து மங்கத் தொடங்கின. பின்னாளில் சிலர் முனைந்து, வேலையில்லாத இளைஞர்களுக்கு ஓடம் கட்டக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார்கள். 2024-ல் அந்த தேசத்துக்கு ‘ஜூரன் ஆயே’ என்ற புதுச் சரக்குக் கப்பல் வந்து சேர்ந்தது. 48 மீட்டர் நீளம், மூன்று பாய்மரம், துணைக்கு இயந்திரம். கட்டியது தென்கொரியா. உதவி செய்தது யார் தெரியுமா? ஜெர்மனி. சரித்திரத்துக்கு நகைச்சுவை உணர்ச்சி கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இதில் கஷ்டங்கள் இல்லாமலில்லை. காற்று குறிப்பிட்ட கிழமையில் வரும் என்று ரெயில்வே கைடு போட முடியாது. பவளப்பாறையின் இடைவெளி சில தீவுகளில் அவ்வளவு குறுகல், பாயை நம்பி உள்ளே நுழைந்தால் பாறைதான். புயல் மாதங்களில் மரமும் பாயும் உபத்திரவம். எல்லாவற்றையும்விடப் பெரிய கஷ்டம் ஆள். கப்பலைக் கொரியாவில் கட்டி வாங்கலாம். காற்றின் நெடி பிடிக்கிற மூக்கை எங்கே வாங்குவது? லாவ் தீவுகளில் கிழவர்கள் சிலரிடம் அது மிச்சம் இருந்தது. மோதே என்ற தீவிலிருந்து சில குடும்பங்கள் தமகாவ் என்ற சிறிய ஓடத்தில் பாய் விரித்து வந்து சுவாவின் கடலோரத்தில் குடியேறின. தலைநகரின் மோட்டார் சத்தத்துக்குப் பக்கத்திலே அந்தப் பிள்ளைகள் பாய் கட்டப் பழகினார்கள். அருங்காட்சியகத்து ‘ராத்து ஃபினாவ்’வை அளவெடுத்து, ஏறக்குறைய நூறு வருஷத்துக்குப் பிறகு, புதிதாக ஒரு த்ருவாவும் கட்டி மிதக்கவிட்டார்கள்.

மரந்தான் தட்டுப்பாடு. கம்பராவில் மிஞ்சிய வெஸி மரங்களைக் குடைந்து, யங்கோனா என்ற பானம் கலக்கும் கிண்ணங்களாக உல்லாசப் பிரயாணிகளுக்கு விற்கிறார்கள். அதைத் தவறென்று எப்படிச் சொல்வது? கப்பல் வராத தீவில் கையில் எடுத்துப் போகக்கூடிய சரக்கு அதுதான்.

அதனால் ‘உத்தோ நி யாலோ’ என்ற கப்பலின் உடல் கண்ணாடி நாரால் ஆனது. பெயருக்கு ஆன்மாவின் இதயம் என்று பொருள். 72 அடி நீளமுள்ள இரட்டைக் கலம். உருவம் பழையது, கட்டுகள் கயிற்றுக் கட்டுகள், மேலே சூரிய ஒளியில் மின்சாரம் எடுக்கும் பலகைகள். 2011-ல் பசிபிக்கைத் தாண்டி அமெரிக்கா வரை போய் வந்தபோது அதைப் பலரும் ஒரு விளம்பரக் கப்பல் என்றே நினைத்தார்கள். 2020-ல் தொற்றுநோய் வந்து போக்குவரத்து நின்றது. வெளித்தீவுகளுக்கு வழக்கமான கப்பல்கள் குறைந்தன. அப்போது ‘உத்தோ நி யாலோ’ அத்தியாவசியச் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிழக்கே புறப்பட்டது. அதில் கொள்கிற சரக்கு சில டன்தான், ஒரு லாரிச் சுமை. லாவ் தீவுக் கரைகளில் அதை மூட்டை மூட்டையாக முதுகில் இறக்கினார்கள்.